மேடையில் ஒரு நாடு, கடைமேசையில் ஒரு நாடு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட்டின் ஜாலான் ரஹ்மாட் கடைவரிசையில் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பறக்கத் தொடங்கிவிடும். துணிக்கடை, மருந்துக்கடை, கைபேசிக் கடை என்று வரிசையாகக் கொடிகள். லாரிகளின் முகப்பிலும் மோட்டார் சைக்கிள்களின் கண்ணாடித் தண்டிலும்கூடச் சிறு கொடிகள். அந்த மாதத்தில் இந்த ஊர்த் தமிழர்களின் பேச்சு இரண்டாகப் பிரிவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒலிவாங்கி முன் நிற்கும்போது, "இந்த நாடு நமக்கு எல்லாம் தந்திருக்கிறது, நன்றி மறக்கக் கூடாது" என்பார்கள். கூட்டம் கலைந்து பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் வந்ததும் அதே வாய், "இந்த நாட்டுல நமக்குன்னு என்ன இருக்கு, தம்பி? பிள்ளைங்கள சிங்கப்பூருக்கு அனுப்பிடு" என்று சொல்லும்.

இதைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேடையில் சொன்னதும் மனசார, மேசையில் சொன்னதும் மனசார. தேசிய கீதமான நெகாராகூ ஒலிக்கும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கிறது. நல்ல தேர்ச்சி பெற்ற மகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காதபோது வயிறு எரிகிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. பெருமைக்கு ஓர் இடம், கவலைக்கு வேறோர் இடம். பெருமையைச் சொல்லும் இடத்தில் கவலையைச் சொன்னால் அவமரியாதை, கவலையைச் சொல்லும் இடத்தில் பெருமையைச் சொன்னால் ஏமாளித்தனம்.

கொஞ்சம் கூர்ந்து கேட்டால் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நினைப்பு ஓடுவது தெரியும். நாடு வேறு யாருக்கோ சொந்தமானது என்ற நினைப்பு. மேடைப் பேச்சு அந்த உடைமையாளருக்கு நன்றி சொல்கிறது. கடைமேசைப் பேச்சு அவரைப் பற்றிப் புறம் பேசுகிறது. இரண்டிலும் நாம் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறோம். வீட்டுக்காரனுக்கு மட்டுமே வாய்க்கிற பெருமையும் வீட்டுக்காரனுக்கு மட்டுமே வருகிற கவலையும் அங்கே நிற்பவனுக்குக் கிடைக்காது. உள்ளே வந்து நின்றால்தான் இரண்டும் ஒரே வாக்கியத்தில் அமரும். இதுதான் நான் சொல்ல வந்தது.

நாம் ஏன் வெளியே நிற்கப் பழகினோம் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கான கதவு திறந்தது. ஆனால் தோட்டப்புறத்தில் பலர் அந்தக் கதவு வரை போகவே இல்லை. பிறப்புப் பத்திரம் கிடையாது, படிவம் நிரப்பித் தர ஆள் கிடையாது, என்றாவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம் வேறு. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி கெடுபிடியாக நடப்புக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள், குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அடையாள அட்டை ஒன்றின் காரணமாக வேற்றாள் ஆனார்கள். பல்லாயிரம் பேர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் முதியவர்களை நான் அறிவேன். தங்கிவிட்டவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: காகிதத்தைப் பத்திரமாக வை, குரலைத் தாழ்த்து. நாம் மேடையில் சொல்லும் நன்றியில் பாதி அந்தப் பயம்தான்.

அந்தப் பயத்துக்கு இன்றும் தீனி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2021 சுதிர்மான் கிண்ண பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் எஸ். கிஷோனா ஜப்பானின் யமாகுச்சியிடம் தோற்றார். 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தனிநபர் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். ஓர் அரசியல் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் அவருடைய இனத்தைச் சொல்லிச் சமூக ஊடகத்தில் இழிவுபடுத்தினார். வெற்றி பெற்றால் நாட்டின் மகள், தோற்றால் தோட்டத்துப் பெண். அந்த வாரம் பல வீடுகளில் பெண் பிள்ளைகள் இதைக் கவனித்தார்கள். ஆனால் அதே வாரம் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஏராளம். அமைச்சர்கள் கண்டித்தார்கள், பேசியவர் மன்னிப்புக் கேட்டார். கடைமேசையில் நாம் முதல் பாதியை மட்டும் சொல்கிறோம், மேடையில் இரண்டாம் பாதியை மட்டும். நாடு இரண்டு பாதியும் சேர்ந்தது.

பயத்துக்கு நாம் கண்டுபிடித்த மருந்து தியாகக் கணக்கு. காட்டை அழித்தது நாங்கள், ரப்பரை நட்டது நாங்கள், தண்டவாளம் போட்டது நாங்கள், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதிடுகிறோம். அந்த வரலாறு பெரியது. 1942 முதல் 1945 வரை சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. நாட்டின் பொது நினைவில் அவர்களுக்கு உரிய இடம் இல்லாதபோது, அ. ரெங்கசாமி போன்றவர்கள் நாவல் எழுதித்தான் அந்த இடத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அவர்களை நினைப்பது நம் கடமை. ஆனால் அவர்களின் மரணத்தை உரிமைக்கான ரசீதாக நீட்டும்போது எனக்குள் ஏதோ உறுத்துகிறது.

பத்து பாகாட் மாவட்டத்திலேயே பாரிட் சூலோங் இருக்கிறது. 1942 ஜனவரியில் அங்குள்ள பாலத்தருகே, பின்வாங்கிய படை எடுத்துச் செல்ல முடியாமல் விட்டுப்போன காயம்பட்ட வீரர்களை ஜப்பானிய ராணுவம் கொன்றது. ஏறத்தாழ 150 பேர். ஆஸ்திரேலியர்களும் இந்தியர்களும். அவர்களில் யாருக்கும் இது சொந்த நாடில்லை, அவர்கள் சிந்திய ரத்தத்தை வைத்து இங்கே யாரும் உரிமை கேட்டதுமில்லை. அண்டை மாவட்டமான மூவாரில் 1950 பிப்ரவரி 23 அன்று புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தில் போலீஸ்காரர்கள் குடும்பத்தோடு உயிர்விட்டார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். கணக்கு என்று தொடங்கினால் ஒவ்வோர் இனமும் தன் பேரேட்டைத் திறக்கும், எவர் கணக்கும் முடியாது. உரிமை என்பது ரத்தத்துக்கான கூலியென்றால், நேற்றுப் பிறந்த குழந்தைக்கு எங்கிருந்து வரும்? தாத்தா தோட்டத்தில் உழைக்காமல் ஊரில் சும்மா இருந்திருந்தால் பேரனுக்கு உரிமை குறைந்துவிடுமா? குடிமகன் என்பதற்குக் குடிமகன் என்பதே போதும். இதை நாம் முதலில் நமக்குள் நம்ப வேண்டும். நம்பாதவரை, நிரூபிக்கும் பேச்சும் புலம்பும் பேச்சும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பெருமையையும் கவலையையும் ஒன்றாகச் சுமக்கப் பார்த்த ஒருவர் இந்த ஊரில் அதிகாரியாக இருந்திருக்கிறார். டத்தோ ஓன் ஜாஃபார். ஜப்பானியர் சரணடைந்த 1945ஆம் ஆண்டில் அவர் பத்து பாகாட் மாவட்ட அதிகாரி. போர் முடிந்து ஆட்சி கைமாறும் இடைவெளியில் இந்த வட்டாரத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கியாய் சாலே என்பவரின் தலைமையில் சிவப்புத் துண்டு அணிந்த கூட்டம் பாராங் கத்தியோடு திரண்டது. ஓன் நேரில் போய் அவர்களிடம் பேசித் தடுத்தார். எந்த நாட்டின் மீது பெருமை கொள்வது என்றே தெளிவில்லாத காலத்தில், தன் மக்களின் கோபத்துக்கு எதிரே போய் நின்றது சின்ன காரியமில்லை. 1946 மே மாதம் மலாய்க் கட்சியான அம்னோ பிறந்தபோது அவர்தான் முதல் தலைவர். பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர்களின் பெருமிதத்தைத் தட்டியெழுப்பியவர்.

அதே மனிதர் ஐந்தே ஆண்டுகளில் தன் கட்சியைப் பார்த்துச் சொன்னது கசப்பான விஷயம். எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளாமல் இந்த நாட்டுக்கு விடுதலை வாங்க முடியாது, கதவைத் திறங்கள் என்றார். கட்சி மறுத்தது. 1951இல் தான் உருவாக்கிய அம்னோவைவிட்டு வெளியேறி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இந்தியர்களின் கட்சியான மஇகா அன்று அவர் பக்கம் நின்றது. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் 12 இடங்களில் இரண்டுதான் அந்தக் கட்சிக்குக் கிடைத்தன. அம்னோவும் சீனர்களின் கட்சியான மசீசவும் கைகோத்து ஒன்பதைப் பிடித்தன. இனத்துக்கொரு கட்சி, பிறகு கூட்டணி என்ற ஏற்பாடுதான் வெல்லும் என்று நாடு அன்று முடிவு செய்தது. 1954இல் மஇகாவும் அந்தக் கூட்டணிக்கே வந்து சேர்ந்தது. ஓன் அடுத்துத் தொடங்கிய பார்ட்டி நெகாரா, மலாய்க்காரர்களை மட்டும் நோக்கித் திரும்பியது. அவராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

தோற்றவர் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் தோற்ற இடத்தில்தான் நாம் இன்னும் நிற்கிறோம். அவர் மகன் ஹுசேன் ஓன் நாட்டின் மூன்றாம் பிரதமரானார். பாரிட் ராஜாவில் உள்ள பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் தகப்பனார் கேட்ட கேள்வி பாடப்புத்தகத்தில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. தன் இனத்தின் மீதுள்ள அன்பு நாட்டின் மீதுள்ள அன்பாக வளர வேண்டுமானால், ஒரு கட்டத்தில் தன் இனத்தாரிடமே வேண்டாத உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருப்பது. அதை மலாய்க்காரர்களுக்கு மட்டும் உரியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் கவலைகளின் பட்டியலைப் பார்ப்போம். தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிவது, பல்கலைக்கழக இடம், கோயில் நிலம், வாடகைக்கு வீடு தர மறுப்பது, காவலில் நேரும் மரணங்கள். அத்தனையும் நியாயமானவை, ஒன்றைக்கூடக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இப்படியொரு கவலையிலிருந்துதான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போக, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார், வாங்கியும் காட்டினார். அமைச்சராக மேடையில் விடுதலையைக் கொண்டாடியவர்தான் தோட்டத்து முச்சந்தியில் நின்று அதன் குறையைப் பேசினார். அவரிடம் அந்த இரண்டும் பிரியவில்லை.

ஆனால் அந்தப் பட்டியல் நம் தெருமுனையோடு நின்றுவிடுகிறதே, அதுதான் என் வருத்தம். பத்து பாகாட் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அந்தத் தொழிற்சாலைகளிலும், யோங் பெங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆட்கள் உழைக்கிறார்கள். தரகருக்குக் கடன் பட்டு வந்தவர்கள் பலர். கடப்பிதழைத் தொலைத்தவர்கள், பறிகொடுத்தவர்கள், ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேராகப் படுத்துக்கொள்கிறவர்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்த முறையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி வழி ஆள் வருவது 1938இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் நின்றது. கங்காணியின் ஏட்டில் இருப்பது நம் பாட்டன் பெயர். இருந்தும் "பங்களாக்காரனுங்க வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்று அதே கடைமேசையில் நாம் பேசுகிறோம். அன்று நம்மைப் பற்றிப் பேசப்பட்ட வார்த்தைகள் இவை.

நமக்கு நடந்த அநியாயத்தை எதிர்ப்பதும், நம்மைப் போன்ற இன்னொருவனுக்கு நடக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பதும் சேர்ந்தால், நாம் கேட்பது நீதியாக இருக்காது. நமக்கு மட்டும் நல்ல நாற்காலி வேண்டும் என்பதாகிவிடும். நாட்டின் மீதுள்ள கவலை என்று அதைச் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் குடியுரிமை பற்றிய அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு, தந்தையருக்கு இருந்த அதே உரிமை கிடைத்தது. பல்லாண்டு போராட்டத்தின் பலன், நாடு பெருமைப்படத் தக்கது. அதே திருத்தம், நிரந்தர வசிப்பாளர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் இயல்பாகவே குடிமக்களாகும் வழியை அடைத்தது. ஒரே சட்டம், ஒரே நாள். சிவப்பு அட்டையின் வேதனை தெரிந்த சமூகம் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியிருக்க வேண்டும்.

அப்படிப் பேச முடியுமா என்று கேட்டால், மக்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பேன். 2018 மே 9, புதன்கிழமை. வேலை நாளில் வாக்களிப்பு. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு தாமதமாக வந்தது. முன்பின் தெரியாத மலேசியர்கள் விமான நிலையங்களில் ஒருவர் சீட்டை இன்னொருவர் வாங்கிவந்து, உரிய தொகுதியில் சேர்ப்பித்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர்க்காரர்கள் கடற்பாலத்தைக் கடந்து வந்து வரிசையில் நின்றார்கள். விடுதலைக்குப் பின் முதன்முறையாக ஆட்சி மாறியது. அதே மாத இறுதியில் நாட்டின் கடனை அடைக்க நம்பிக்கை நிதி தொடங்கப்பட்டபோது, பொதுமக்கள் கொடுத்துச் சேர்ந்தது ஏறத்தாழ 20 கோடி வெள்ளி. 1எம்டிபி ஊழலில் கோடி கோடியாகப் பணம் பறிபோன நாட்டுக்கு, பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் பணம் கொடுத்தார்கள். பொருளாதாரக் கணக்கில் அது பெரிய தொகையில்லை. ஊழல் மீது கொண்ட ஆத்திரமும் நாட்டின் மீது கொண்ட பாசமும் ஒரே கையால் கொடுக்கப்பட்டன என்பதே எனக்கு முக்கியம்.

2021இல் இன்னொன்று பார்த்தோம். நோய்த்தொற்று முடக்கம் நீண்டு, தினக்கூலிக் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தபோது, உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்ற இயக்கம் ஜூன் இறுதியில் பரவியது. அரிசியோடு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். இது நாட்டின் மானத்தைக் கெடுக்கிறது என்ற தோரணையில் சில அரசியல்வாதிகள் எரிச்சல்பட்டார்கள். விடுதலை மாதமான ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொடி பார்த்துக் கதவைத் தட்டியவர்களைவிட நாட்டுப்பற்று மிக்கவர்கள் அந்த ஆண்டு யார் இருந்திருக்க முடியும்? பசியை மறைத்து மானம் காப்பதைவிட, பசி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அரிசி கொண்டுவருவதே ஒரு நாட்டுக்கு மானம்.

2023 மார்ச்சில் வெள்ளம் பத்து பாகாட்டுக்கே வந்தது. ஜொகூர் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மற்ற மாவட்டங்களில் நீர் வடிந்த பிறகும் இங்கே வாரக்கணக்கில் வடியவில்லை. யோங் பெங் சாலைகள் மூழ்கின, பெக்கோக் அணை அபாய அளவைத் தாண்டியது. நிவாரண மையங்களுக்குப் பல இனத்தாரின் சமையலறைகளிலிருந்தும் சோறு போனது. எல்லாரும் மெச்சிய காட்சி அது, மெச்ச வேண்டியதும்தான். ஆனால் நாம் அங்கேயே நின்றுவிட்டோம். தாழ்வான நிலம், கடல் ஏற்றம், காடு இருந்த இடத்தில் செம்பனை, தூர்ந்த வாய்க்கால், வடிகால் இல்லாத புதுக் குடியிருப்பு என்று காரணங்களை எடுத்து யார் பேசினார்கள்? ஒற்றுமையைப் பாராட்டும் பேச்சு, வாய்க்காலைப் பற்றிய கேள்வியை விழுங்கிவிடுகிறது. அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் ஒற்றுமையாகச் சோறு ஆக்குவோம் என்பது பெருமையாகாது.

சிங்கப்பூருக்குப் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் ஏறத்தாழ 10 லட்சம் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் என்றும் மதிப்பிட்டது. போனதற்கான காரணங்களில் வேலை வாய்ப்புக்கும் சம்பளத்துக்கும் இணையாகச் சமூக அநீதியும் சொல்லப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பத்து பாகாட்டிலிருந்து தெற்கே போகும் பேருந்துகளில் அந்த அறிக்கையை இன்றும் படிக்கலாம். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை, ஆகவே சிலர் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைத் துரோகி என்பவர்கள் ஒரு பக்கம், கெட்டிக்காரன் என்பவர்கள் இன்னொரு பக்கம். ஒருவர் மனம் நொந்து போகிறார் என்றால் அது நாட்டுக்கு நேர்ந்த இழப்பு. அவரைத் திட்டுவதாலோ வாழ்த்துவதாலோ அது ஈடாகாது, ஏன் போனார் என்று கேட்டால்தான் அடுத்தவராவது தங்குவார்.

தங்கியிருப்பவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2019இல் மக்களவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அப்படிக் கைகோத்தது நம் நாட்டில் அபூர்வம். வயது வந்த எவரும் தானாகவே வாக்காளராகும் ஏற்பாடும் சேர்ந்து வந்தது. அதை முதன்முதலில் மாநிலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தது நம் ஜொகூர், 2022 மார்ச் 12 சட்டமன்றத் தேர்தலில். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. தொற்றுப் பயம் இருந்தது, எல்லையைக் கடந்து வருவது கடினமாக இருந்தது, 2018இல் நம்பி வாக்களித்த ஆட்சி பாதியில் கவிழ்ந்த கசப்பும் இருந்தது. எல்லாம் சரி. ஆனாலும் கொடி கட்டத் தவறாத ஊர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள் என்றால், நம் பெருமையும் நம் புலம்பலும் சேர்ந்து நம்மை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டன என்றுதான் பொருள்.

ஆகவே வரும் ஆகஸ்ட் கூட்டங்களில் பேசப்போகும் அண்ணன்மாரிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இது. கிஷோனாவின் தங்கத்தைச் சொல்லுங்கள், அவரைச் சொன்ன வார்த்தையையும் அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள். சம்பந்தனைப் பாராட்டுங்கள், அவர் யாருக்காகத் தோட்டம் தோட்டமாக நடந்தாரோ அந்த நிலையில் இன்று இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியையும் சேர்த்துப் பேசுங்கள். வெள்ளத்தில் சோறு போட்டதைப் பேசியபின், வாய்க்கால் எப்போது தூர்வாரப்படும் என்று முன்வரிசையில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் மரியாதையோடு கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இங்கே நாம் நன்றி சொல்ல வந்தவர்கள் அல்லர், பொறுப்பு ஏற்க வந்தவர்கள். எந்த நாட்டின் மீது நமக்குப் பெருமை உண்டோ, அந்த நாட்டிடம்தான் நாம் அதிகம் எதிர்பார்க்க முடியும். எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டால் பெருமைப்படுவதற்கும் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.